விசுவாசத்தில் போட்ட மார்க்



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். பிள்ளையைக் காலேஜில் சேர்க்க அப்ளிகேஷன் போடுகிறோம். அதிலே மார்க் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. பிள்ளை எடுத்தது 61. கூட ஒரு 20 சேர்த்துப் போட்டால் பீஸ் பாதியாகக் குறையும். "கர்த்தர் எப்படியும் பரீட்சையில் அந்த மார்க்கைக் கொடுக்கப் போகிறார், இப்பவே விசுவாசத்தில் எழுதிவிடலாம்" என்று ஒருவர் சொல்லுகிறார். எழுதலாமா, கூடாதா?

இதை வாசிக்கிற யாவரும் "கூடாது" என்றுதான் சொல்லுவீர்கள். நானும் சபையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் சென்ற வருடம் அந்தக் கட்டத்தில் 81 என்று போடச் சொன்னது நான்தான். ஆகவே இது பிறத்தியாருக்குப் புத்தி சொல்லும் கட்டுரை அல்ல. கர்த்தர் எனக்கு உணர்த்தினதை உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன், அவ்வளவுதான்.

நடந்த காரியம்

நான் சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். என் மனைவி காலண்டர் அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் வேலைக்குப் போகிறாள். எங்கள் மூத்த மகன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். பப்ளிக் பரீட்சைக்கு முன்னாலேயே சில தனியார் பல்கலைக்கழகங்கள் அரையாண்டு மார்க்கை வைத்து சீட்டை ஒதுக்கிவிடுவது உங்களுக்குத் தெரியும். அப்படி ஒன்றில், கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றும் சேர்த்து 300-க்கு 240-க்கு மேல் இருந்தால் பாதி பீஸ் தள்ளுபடி என்றார்கள். மகனுக்குக் கணக்கில் 84, கெமிஸ்ட்ரியில் 78. பிசிக்ஸில் 61. கூட்டினால் 223.

பிரவுசிங் சென்டரில் இருந்த தம்பி நல்ல பிள்ளை, வேறொரு சபை விசுவாசி. கணக்குப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பிசிக்ஸ்ல 81-ன்னு போட்டா 243 வந்துரும். அரையாண்டு மார்க்தான, யாரு பார்க்கப் போறா? பப்ளிக்ல தம்பி எடுத்துருவான். விசுவாசத்துல போடுங்க அண்ணாச்சி" என்றான்.

என் மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். "சரி, போடு" என்றேன்.

ஒரு வாரத்தில் பாதி பீஸ் தள்ளுபடி என்று தகவல் வந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னேன். "கர்த்தர் என் மகனுக்கு அற்புதமாய் வாசலைத் திறந்தார்" என்றேன். நீங்கள் எல்லாரும் கைதட்டி தேவனை மகிமைப்படுத்தினீர்கள். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதிலே இருக்கிறது.

சுவரில் எழுதின நம்பர்

மறுநாள் திங்கட்கிழமை. பட்டாசு வேலை செய்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். எங்கள் ஆலையில் மருந்து புழங்கும் ஒவ்வொரு அறையின் சுவரிலும் அந்த அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். நாலு பேர் என்றால் நாலு பேர்தான். அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டிருப்பதும் அந்தக் கணக்கை நம்பித்தான். ஒரு அறையில் தீப்பிடித்தால் நஷ்டம் அந்த நாலு பேரோடு நிற்கட்டும் என்பதே அதன் அர்த்தம்.

அன்றைக்கு ஒரு அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்தாவது ஆளாக இருந்த பையனிடம் கேட்டால், "அரை மணி நேரம்தான் அண்ணாச்சி, யாருக்குத் தெரியப் போகுது?" என்கிறான். எனக்கு வந்ததே கோபம்! "ஏப்பா, சுவத்துல என்ன எழுதியிருக்கு? நாலு. உள்ள எத்தனை பேரு? எழுதுனது ஒண்ணு, இருக்குறது ஒண்ணுன்னா அப்புறம் அந்த எழுத்து எதுக்கு?" என்று சத்தம் போட்டேன்.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை நாம் மறக்க முடியுமா? ஏறக்குறைய 40 உயிர்கள். அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்கள் வேலை செய்தார்கள் என்று அப்பொழுது ஊரெல்லாம் பேசப்பட்டது. காகிதத்தில் ஒரு நம்பரும் அறைக்குள் வேறொரு நம்பருமாக இருந்தால் என்ன ஆகும் என்று நம் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் பிரசங்கம் பண்ண வேண்டியதில்லை.

அந்தப் பையனைச் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தபோது ஆவியானவர் என் வார்த்தையையே எடுத்து என்னிடம் கேட்டார். எழுதினது எத்தனை? இருக்கிறது எத்தனை? எழுதினது 81. இருக்கிறது 61. எனக்குக் கால் நகரவில்லை.

விசுவாசமா, பயமா?

விசுவாசத்தில் போட்டேன் என்று சொன்னேனே, அது விசுவாசம்தானா? இதைப் பற்றி அந்த வாரம் முழுவதும் வேதத்தை எடுத்து உட்கார்ந்தேன்.

இப்படிப்பட்ட காரியங்களுக்கு நாம் பொதுவாக ரோமர் 4-ம் அதிகாரத்தில் ஆபிரகாமைக் குறித்துச் சொன்னதைத்தான் எடுத்துக்கொள்ளுகிறோம். ஆனால் ஆபிரகாம் என்ன செய்தான்? வாக்குத்தத்தத்தோடு புறப்பட்டபோது அவனுக்கு 75 வயது. ஈசாக்கு பிறந்தபோது 100 வயது. நடுவில் இருந்த 25 வருடத்தில் யாராவது வந்து "உனக்கும் சாராளுக்கும் எத்தனை பிள்ளைகள்?" என்று கணக்கெடுத்தால், ஒரு பிள்ளை என்று எழுதுவானா? இல்லையே. நடக்கப்போவதைத் தேவனிடத்தில் விசுவாசித்தான். மனுஷனிடத்தில் நடந்ததை நடந்தபடிதான் சொல்ல வேண்டும்.

அதே ஆபிரகாம் இரண்டு இடத்தில் பேச்சை மாற்றினான். எகிப்திலும் கேராரிலும் தன் மனைவியைச் சகோதரி என்றான். ஆதியாகமம் 12, 20 அதிகாரங்களை வாசித்துப் பாருங்கள். அந்த இரண்டு இடத்திலும் அவனைப் பேசவைத்தது பயம். தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்ற பயம். விசுவாசத்தின் தகப்பனே பயந்தபோதுதான் உண்மையை மாற்றினான் என்றால், நான் மாத்திரம் விசுவாசத்தால் மாற்றினேன் என்று எப்படிச் சொல்லுவது?

அப்ளிகேஷனைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்தக் கட்டத்துக்கு மேலே "அரையாண்டுத் தேர்வில் பெற்ற மதிப்பெண்" என்று இருந்தது. பெற்ற! அது நடந்துமுடிந்த காரியம். பெறப்போகும் மதிப்பெண் என்று கேட்டிருந்தால் நான் 81 என்ன, 100 என்றே எழுதலாம். அவர்கள் என் விசுவாசத்தைக் கேட்கவில்லை. என் சாட்சியைக் கேட்டார்கள். சாட்சி என்ற வார்த்தையை நாம் சபையில் வேறொரு அர்த்தத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். கோர்ட்டில் கூண்டில் ஏறிச் சொல்லுவதும் சாட்சிதான். பத்துக் கற்பனையில் பொய்ச்சாட்சி கூடாது என்று இருப்பது இதைத்தானே?

அன்று இரவு மகனைக் கூப்பிட்டு, "தம்பி, அந்த 81 பத்தி நீ என்ன நெனக்கிற?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் எடுக்க மாட்டேன்னு நெனச்சுதானப்பா நீங்களே போட்டுட்டீங்க?" என்றான்.

விசுவாசத்தில் போட்டேன் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு என்மேல் விசுவாசம் இல்லை என்று பிள்ளை புரிந்துகொண்டிருக்கிறான்! யார் சொல்லுவது சரி? யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. அவன் எடுப்பான் என்று நான் உண்மையிலேயே நம்பியிருந்தால், 61-ஐ 61 என்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, அவனைப் படிக்கச் சொல்லியிருப்பேன்.

இது நம் வீட்டில் மாத்திரம் நடக்கிற காரியம் அல்ல. 2019-ல் அமெரிக்காவில் பெரிய பெரிய பணக்காரர்கள் பிள்ளைகளின் மார்க்கைப் பணம் கொடுத்துத் திருத்தின வழக்கு வெளியே வந்தது. ஃபெலிசிட்டி ஹஃப்மன் என்ற நடிகை, மகளுடைய நுழைவுத் தேர்வு விடைகளைத் திருத்துவதற்கு 15,000 டாலர் கொடுத்தாள். மகளுக்கே அது தெரியாது. கோர்ட் அந்தத் தாய்க்கு 14 நாள் ஜெயில் தண்டனை கொடுத்தது. விஷயம் தெரிந்தபோது மகள் அழுதுகொண்டு, ஏன் என்னை நம்பவில்லை என்று கேட்டதாக அந்தத் தாயே நீதிபதிக்கு எழுதின கடிதத்தில் சொல்லியிருக்கிறாள். பணக்கார வீட்டுப் பிள்ளையும் பட்டாசுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

யாருக்கு என்ன நஷ்டம்?

"இதனால யாருக்கு என்னங்க நஷ்டம்?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. நமக்கு லாபம், அந்த நிறுவனத்துக்கு ஒரு மாணவன் கிடைத்தான். அழுதவர் யார்?

அரசாங்க இன்ஜினியரிங் கவுன்சிலிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு மார்க்கை அப்படியே எடுத்து, பிசிக்ஸையும் கெமிஸ்ட்ரியையும் பாதியாக்கிக் கூட்டி, 200-க்கு கட்-ஆப் போடுகிறார்கள். அரை மார்க் குறைந்தால் எத்தனையோ பேருக்குப் பின்னால் போய்விடுவோம். அந்த வரிசையில் ஒருவன் பொய்யாய் முன்னால் வந்தால், பின்னால் நிற்கிற ஒவ்வொருவனும் ஒரு படி இறங்குகிறான். கடைசி சீட்டை இழக்கிற பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியாது. அவன் முகத்தை நாம் பார்க்கப் போவதில்லை. தள்ளுபடி விஷயமும் அதே மாதிரிதான். கொடுப்பதற்கு ஒரு அளவு வைத்திருப்பார்கள். 241 எடுத்த ஒரு பிள்ளை, 243 என்று பொய்யாய் எழுதின என் மகனுக்குப் பின்னால் நின்றிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாதவன் பிறன் இல்லையா?

"மார்க்கே நியாயம் இல்லையே அண்ணாச்சி. டியூஷனுக்கு லட்சம் கட்டுற பிள்ளையும் நம்ம பிள்ளையும் ஒண்ணா?" என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். அவர் சொல்லுவது உண்மை. அநியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அநியாயத்தை வெளிச்சத்தில் சொல்லி மாற்ற முடியும். நீட் எழுதிப் பாஸான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2020-ல் சட்டமாக வந்தது. யாரும் மார்க்கைத் திருத்தி அதைக் கொண்டுவரவில்லை. உள்ள மார்க்கைக் காட்டி, "பாருங்கள், இந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளே வர முடிகிறது" என்று கேட்டதால் வந்தது. மார்க் பொய்யாக இருந்தால் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க முடியாது.

இன்னொன்றும் சொல்லுகிறேன். பணக்காரனுக்குப் பணம் இருக்கிறது, சிபாரிசு இருக்கிறது. நம் பிள்ளைகள் கையில் இருப்பது மார்க் ஒன்றுதான். அந்தக் காகிதத்தை முன்பின் தெரியாதவன் நம்புகிறான் என்பதே அதன் மதிப்பு. ஆளுக்கு ஆள் திருத்த ஆரம்பித்தால் நாளைக்கு யாரும் அதை நம்ப மாட்டார்கள். அப்புறம் முகத்தையும் பணத்தையும் பார்த்துத்தான் சீட் கொடுப்பார்கள். தராசு கெட்டுப்போனால் முதலில் பட்டினி கிடப்பது ஏழைதான். பையில் இரண்டு விதமான படிக்கற்கள் கூடாது என்று உபாகமம் 25-ல் கர்த்தர் கண்டித்துச் சொன்னது வியாபாரிகளுக்கு மாத்திரம் அல்ல.

"அரையாண்டு மார்க்தான?" என்பதும் சரியில்லை. 2020-ல் கொரோனா வந்து பத்தாம் வகுப்புப் பரீட்சை ரத்தானபோது, காலாண்டு அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டுத்தான் மார்க் போட்டார்கள். ஒன்றுக்கும் உதவாது என்று நினைத்த நம்பரே அந்த வருடப் பிள்ளைகளுக்குக் கடைசி நம்பர் ஆனது. சின்ன நம்பர், பெரிய நம்பர் என்று உண்மையில் கிடையாது.

பழி என்மேல் இருக்கட்டும்

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஆதியாகமம் 27-ல் ரெபெக்காள் யாக்கோபுக்கு அண்ணனுடைய உடுப்பை உடுத்தி, கையில் ஆட்டுத்தோலைக் கட்டி, ஏசா என்று சொல்ல அனுப்புகிறாள். பிள்ளை பயப்படுகிறான். அதற்கு அந்தத் தாய், வருகிற சாபம் தன்மேல் இருக்கட்டும் என்கிறாள். நாமும் இப்படித்தானே சொல்லுகிறோம்? "பாவம் எங்க மேல இருக்கட்டும், பிள்ளை நல்லா இருந்தாப் போதும்." ஆனால் பாவம் நாம் சொன்ன இடத்தில் இருக்கவில்லை. யாக்கோபு வீட்டை விட்டு ஓடி, லாபானிடத்தில் 20 வருடம் இருந்து, தானும் ஏமாற்றப்பட்டான். அவன் தாயைத் திரும்பப் பார்த்ததாக வேதத்தில் இல்லை.

2020 டிசம்பரில் சென்னையில் நடந்த மருத்துவக் கலந்தாய்வில் போலி நீட் மதிப்பெண் சான்று பிடிபட்டபோது, பிள்ளையும் பெற்றவரும் சேர்ந்தே போலீஸ் வழக்கில் சிக்கினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது "என்ன ஜனங்கள்!" என்று நான் பேசியிருக்கிறேன். அவர்கள் செய்ததற்கும் நான் செய்ததற்கும் அளவில்தான் வித்தியாசம்.

பிறகு செய்தது

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மகனும் நானும் சேர்ந்து கடிதம் அனுப்பினோம். பிசிக்ஸ் மார்க் 81 அல்ல, 61 என்று எழுதினோம். தள்ளுபடி ரத்தானது. முழுப் பீஸ் கட்ட எங்களுக்கு வழியில்லாததால் அந்த இடத்தை விட்டுவிட்டோம். பப்ளிக் பரீட்சை வந்தது. பிசிக்ஸில் 81 வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. 70 வந்தது. கட்-ஆப் 162.5. கவுன்சிலிங்கில் நம் மாவட்டத்திலேயே ஒரு காலேஜில் சேர்ந்திருக்கிறான். கல்விக் கடன் வாங்கியிருக்கிறோம், பஸ்ஸில் போய்வருகிறான். அந்தப் பெரிய இடத்தை நினைத்து என் மனைவிக்கு இன்னும் சில நாள் வருத்தம் உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் அந்த 70 அவனுடையது. 61-லிருந்து 70-க்கு அவன் ஏறின 9 மார்க்கை நாங்கள் வீட்டில் ஜெபம் பண்ணிக் கொண்டாடினோம். 81 என்ற பொய் இருந்திருந்தால் அந்த 70 எங்களுக்குத் தோல்வியாக அல்லவா தெரிந்திருக்கும்!

நம் விருதுநகரில் பிறந்த காமராஜர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அதை மறைக்காமலேயே 1954-லிருந்து 1963 வரை இந்த மாகாணத்தை முதலமைச்சராக ஆண்டு, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்களைத் திறந்தார். குறைவான படிப்பு அவருக்கு வெட்கமாக இருக்கவில்லை. குறைவான மார்க் மாத்திரம் நமக்கு ஏன் அத்தனை வெட்கம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மறுபடியும் எழுந்து நின்று, "போன தடவை நான் சொன்னது பொய்ச்சாட்சி" என்று சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. உட்காரும்போது கால் நடுங்கினது.

ஆராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா பக்கத்தில் வந்து மெதுவாய்ப் பேசினார்கள். "தம்பி, மூத்தவ தபால்ல டிகிரி முடிச்சிருக்கா. அதைச் சொல்லாம சின்னவனுக்கு முதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்கிட்டோம். பீஸ் சலுகை வந்துக்கிட்டிருக்கு. இப்ப என்ன செய்ய?" என்று கேட்டார்கள். நான் பாஸ்டர் அல்ல, பதில் சொல்லத் தகுதியும் எனக்கில்லை. சகேயுவின் வீட்டுக்கு ஆண்டவர் வந்த அன்றைக்கே அவன் கணக்கைச் சரிசெய்ய எழுந்து நின்றதை மாத்திரம் சொன்னேன். அவர்களோடு சேர்ந்து தாலுகா ஆபீசுக்கு வருகிறேன் என்றேன். நாங்கள் போகும் நாளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

பிரியமானவர்களே, மறுபடியும் அப்ளிகேஷன் காலம் வருகிறது. உங்கள் வீட்டிலும் அந்தக் கட்டம் வரும். ஜெபம் பண்ணுங்கள், பிள்ளைக்கு நல்ல மார்க் வேண்டும் என்று விசுவாசத்தோடு கேளுங்கள். பேனாவை எடுக்கும்போது மாத்திரம், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரைச் சுவரில் எழுதுங்கள். கர்த்தர் நம் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

— ஒரு விசுவாசி, சிவகாசி